மௌன அறையும் மின்னிரைச்சலும்

1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமிழ்ந்த டைட்டானிக் கப்பலிலே, கம்பியில்லாத் தந்திக்கென அடுத்தடுத்து மூன்று அறைகள் இருந்தன. ஒன்றில் தந்தியாளர் அமர்ந்து செய்தி கேட்பர். மற்றொன்று அவர்தம் படுக்கையறை. மூன்றாவது ‘மௌன அறை’ எனப்பட்டது. பெயருக்கு மாறாக, பேரிரைச்சல் முழுவதும் அதற்குள்ளேதான். 5 கிலோவாற்று மார்க்கோனிக் கருவியின் சுழல்வட்டில் தீப்பொறி பாயும் ஓசை, மெல்லிய செய்தியைச் செவிமடுப்பவரைத் தடுமாறச் செய்துவிடும். ஆகவே அதனை ஒலிபுகாச் சுவர்களுக்குள் அடைத்தனர்.

இடர் நேர்ந்த இரவில் தலைமைத் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ் என்பாரைப் பெரிதும் வருத்தியது வேறோர் ஓசை: அறைக்கு மேலே சீறிய நீராவி. உதவியாளர் ஹரல்ட் பிரைட் கப்பற்றலைவரிடம் முறையிட்ட பின்னரே அது தணிந்தது. கார்ப்பாதியா கப்பல் செய்தி கேட்டு விரைந்து, எழுநூறுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. பிலிப்ஸ் அவர்களுள் ஒருவரல்லர்.

செவிக்கு எட்டும் இரைச்சலைச் சுவர் மறிக்கும். ஆயின் தீப்பொறிக்கு மின்னிரைச்சலும் உண்டு. உயர் மீடிறன் ஓட்டம் அருகிலுள்ள கம்பிகளிலே தூண்டப்பட்டு, மின்பிறப்பாக்கியின் சுருள்களுக்கே திரும்பி, அவற்றின் காவலுறையைத் துளைத்துவிடக்கூடும். இதற்கெனச் சிலர் விளக்குகளைக் காவலாக இணைத்தனர். 1917இல் நியூயோர்க்கில் வெளிவந்த எல்மர் புச்சரின் நூலிலே, கொள்ளளவிகள் இரண்டைத் தொடராக இணைத்து, நடுமுனையைப் புவியோடு தொடுக்கும் முறை கூறப்பட்டுள்ளது. வானொலி திருத்துவோர் கொண்டென்சர் என்பது இக்கொள்ளளவியையே. அது நேரோட்டத்தை மறிக்கும். மெல்ல ஆடும் ஓட்டத்துக்குப் பெருந்தடையாகும். விரைந்தாடும் ஓட்டத்துக்கோ திறந்த வாயில். மின்வலு தன் வழியே செல்ல, இரைச்சல் புவிக்கு இறங்கிவிடும்.

பின்னர் வெற்றிடக் குழாய்கள் வந்தன. செலுத்திகள் உலோகப் பெட்டிகளுள் அமைந்தன. உலோகக் கூட்டின் காவலை மைக்கேல் பரடே 1836இலேயே காட்டியிருந்தார். 12 அடிக் கனசதுர அறையொன்றைப் புறத்தே மின்னேற்றி, உள்ளே தாம் இருந்து பார்த்தார். யாதொரு மின்விளைவும் தென்படவில்லை. ஆனால் செலுத்திக்கு மின்வலு வேண்டுமே! சுவரைக் கடக்கும் ஒவ்வொரு கம்பியும் உள்ளிருக்கும் இரைச்சலை ஏந்திச் சென்று, வானலைக்கம்பி போல வெளியே பரப்பும்.

ஆதலால் கொள்ளளவிக்கு உரிய இடம் கம்பி சுவரைக் கடக்கும் அவ்விடமே. அதன் இணைப்புக் கால் ஓரங்குலம் நீண்டாலும், மிகவுயர் மீடிறனில் அக்காலே இரைச்சலுக்குத் தடையாகி, அது புவிக்கு இறங்கவொட்டாது செய்யும். இக்குறையை நீக்க ஊடுகொள்ளளவி உருவாயிற்று. கம்பி அதன் நடுவே ஊடுருவிச் செல்லும். புறவுடல் பெட்டிச் சுவரிலே நேராகத் திருகப்படும். புவிப் பக்கத்தில் நீளும் கால் அதற்கு இல்லை.