கவராயமும் கணினித் திரையும்: கேத்திரகணித அமைப்பில் அனுமதியின் வரலாறு

இலங்கையின் க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளில் இடம்பெறும் அமைப்பு வினா, கவராயத்தையும் சென்ரிமீற்றர், மில்லிமீற்றர் அளவிடை கொண்ட நேர்விளிம்பையும் மாத்திரம் பயன்படுத்துமாறு பரீட்சார்த்தியைப் பணிக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயிலிருந்து தோற்றுபவருக்கும் கொழும்பிலிருந்து தோற்றுபவருக்கும் பொதுவான இந்நிபந்தனை, கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தொகுத்த 'மூலகங்கள்' நூலின் வழிவந்ததாயினும் அதனோடு முற்றாக ஒத்ததன்று. யூக்கிளிட்டின் நேர்விளிம்பில் அளவிடை இல்லை. அவருடைய கவராயமும் தாளிலிருந்து எடுத்தவுடன் மூடிக்கொள்வதாகவே கொள்ளப்பட்டமையால், ஓரிடத்து நீளத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அதனால் நேரடியாக இயலாது. முதல் நூலின் இரண்டாம் தேற்றம் அந்தக் குறையை ஒரு சமபக்க முக்கோணியின் துணையோடு நிவர்த்தி செய்கிறது. ஒருமுறை நிறுவப்பட்ட இவ்வழியைப் பின்வரும் தேற்றங்கள் ஒரே படியாக எடுத்தாளுகின்றன.

விதிகளைக் குறுக்கிப் பார்க்கும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. யூக்கிளிட்டின் வழியில் பெறத்தக்க புள்ளிகள் யாவற்றையும் கவராயத்தால் மட்டுமே பெறலாம் என 1672இல் டென்மார்க்கின் மோரும், அவரை அறியாமலே 1797இல் இத்தாலியின் மஸ்கெரோனியும் காட்டினர். மையம் குறிக்கப்பட்ட ஒரேயொரு வட்டம் தரப்பட்டால் நேர்விளிம்பே போதும் என்பதை 1833இல் ஸ்டெய்னர் நிறுவினார். எதனை அமைக்கவே முடியாது என்னும் வினாவுக்கும் அந்நூற்றாண்டிலேயே விடை கிடைத்தது: எந்தக் கோணத்தையும் முக்கூறிடும் பொதுவழி இல்லை என்பதை 1837இல் வான்செல் காட்டினார், பை என்னும் எண்ணின் இயல்பை 1882இல் லிண்டமன் நிறுவியதோடு, வட்டத்துக்குச் சமமான பரப்புடைய சதுரத்தை அமைக்கும் நம்பிக்கையும் முடிவுற்றது.

முடியாது என்பது உறுதியான பின்னரும் அப்பணி பயனற்றுப் போகவில்லை என்பதற்குச் சிறந்த சான்று தமிழகத்திலிருந்து கிடைக்கிறது. சென்னையில் இருந்த சீனிவாச இராமானுஜன், 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வட்டத்தைச் சதுரமாக்கும் தோராய அமைப்பொன்றை வெளியிட்டார். விட்டத்தின் ஒரு பாதியை இருசமகூறிட்டும் மறுபாதியை முக்கூறிட்டும் தொடங்கி, ஒரு செங்குத்து, சில நாண்கள், சமாந்தரக் கோடுகள், ஒரு தொடலி ஆகியவற்றின் வழியே செல்லும் அவ்வமைப்பு, 355ஐ 113ஆல் வகுத்த எண்ணைப் பையின் இடத்தில் நிறுத்துகிறது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாயின் சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய ஓர் அங்குலமே கூடும் என்று அவரே குறித்துள்ளார். பத்து சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் அவ்வழு ஒரு சென்ரிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. எவ்வளவு கூரிய பென்சிலாலும் அதனைத் தாளில் காட்ட இயலாது.

அவ்வழுவைக் காட்டக்கூடிய சாதனங்கள் 1980களிலிருந்து உருவாயின. ஜூடா சுவார்ட்ஸும் மிஹல் யெருஷல்மியும் 1985இல் வெளியிட்ட மென்பொருள், ஒரே அமைப்பை வெவ்வேறு உருவங்களில் மீளச்செய்து காட்டியது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் லபோர்ட் குழுவினர் ஆக்கிய காப்ரியும், 1991இல் அமெரிக்காவில் நிக்கலஸ் ஜாக்கீவ் ஆக்கிய ஸ்கெச்பேடும் புள்ளியைப் பிடித்து இழுக்கும் வசதியைத் தந்தன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹென்வார்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா அவ்வசதியை இலவசமாக்கியது. இழுத்தல் என்பது வெறும் காட்சி வித்தையன்று. கண்ணளவில் செங்குத்தாக வரைந்த கோடு, தாளில் செங்குத்துக் கோடாகவே ஏற்றுக்கொள்ளப்படலாம். திரையிலோ அதன் முனையை நகர்த்திய கணமே செங்கோணம் குலைந்துவிடும். முறைப்படி அமைக்கப்பட்ட உருவமோ எப்படி இழுத்தாலும் தன் பண்புகளைத் தக்கவைத்துக்கொள்ளும். வரைதலுக்கும் அமைத்தலுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைக் கவராயம் தானாகக் காட்டுவதில்லை. இராமானுஜனின் அமைப்பை ஓரலகு ஆரையில் செய்து, இரண்டு தசமதானங்களில் நோக்கினால் பையின் வர்க்கமூலமும் சதுரத்தின் பக்கமும் ஒன்றாகவே தோன்றும். தானங்களைக் கூட்டினால் 1.77245385 என்பதும் 1.77245393 என்பதும் ஏழாம் தானத்தில் பிரிகின்றன.

எனினும் மென்பொருள் தரும் சுதந்திரமே அதன் ஆபத்தும் ஆகும். நீளத்தைக் கொண்டுசெல்லும் கவராயம், தரப்பட்ட அளவில் கோணத்தைச் சுழற்றும் கருவி, இருகூறாக்கி ஆகிய யாவும் ஒவ்வொரு சொடுக்கில் கிடைப்பதால், 60 பாகைக் கோணத்தை முக்கூறிடுவதும் மாணவருக்கு ஒரு நொடி வேலையாகிவிடுகிறது. வான்செலின் முடிவு அங்கே பொருளிழந்து நிற்கிறது.

    

ஒருமுறை நிறுவினால் இணைய இணைப்பின்றியும் ஜியோஜீப்ரா இயங்குவதால், ஒரேயொரு கணினி உள்ள பாடசாலையிலும் அதனைப் பயன்படுத்தலாம். புள்ளியொன்று மாறாத் தூரத்தில் நகரும்போது வட்டமும், இரு புள்ளிகளிலிருந்து சமதூரத்தில் நகரும்போது செங்குத்து இருகூறாக்கியும் உருவாவதை ஒழுக்குப் பாடத்தில் நேரில் காட்டுவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. ஆனால் அமைப்புப் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், கருவிப்பட்டையில் நேர்கோடு, மையமும் ஒரு புள்ளியும் கொண்டு வரையும் வட்டம், வெட்டுப்புள்ளி ஆகிய மூன்றை மாத்திரம் விட்டுவைத்து ஏனையவற்றை நீக்கிவிடுதல் வேண்டும். இருகூறாக்கியை மாணவர் தாமே அமைத்துக் காட்டிய பின்னரே அக்கருவியை அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.