வழியிடைத் தலைநகர்

சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ காரில் புறப்பட்டு, மைசூர் சென்று, அங்கிருந்து பந்திப்பூர்க் காட்டின் ஊடே உதகைக்கு ஏறுவது நம்மவர் பலரும் விரும்பும் பயணம். அந்தப் பயணத்தில் பெங்களூரை நாம் ஓர் இடைத்தங்கலாகவே எண்ணுகிறோம். ஓரிரவு உறங்கி, காலையில் லால்பாகை ஒருமுறை சுற்றிவிட்டு மேற்கே திரும்பிவிடுகிறோம். கருநாடகத்தின் தலைநகருக்கு இம்மரியாதை போதாது. வழிச்சென்றோர் தங்கித் தங்கி வளர்த்த ஊர் அது. அவ்வாறு தங்கியவருள் தமிழர் தொகை சிறிதன்று.

கிருஷ்ணகிரியைக் கடந்ததும் சாலை மேடேறத் தொடங்குகிறது. இருமருங்கும் பாறைக் குன்றுகள் எழுகின்றன. ஓசூரை அடைவதற்குள் காற்றின் வெம்மை தணிந்துவிடுகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, கல்லூரிப் படிப்புக்குச் சென்றது பெங்களூருக்கே. வழக்கறிஞராகத் தொழில் நடத்தியது சேலத்தில். இந்தச் சாலையில் வாழ்வோர்க்கு இரு பக்கமும் அயல் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சென்றால் நகரம். அதனுள் புகும் இடத்திலேயே மடிவாளம் இருக்கிறது. வண்டிகளின் நெரிசலில் நாம் பொறுமையிழந்து நிற்கும் அவ்விடத்திற்கு அருகில்தான் சோமேசுவரர் கோயில் உள்ளது. அதன் வெளிச்சுவரில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றைக் காணலாம். வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்த செய்தியை அது கூறுகிறது. அந்த வேப்பூரே இன்றைய பேகூர். அங்கே நாகேசுவரர் கோயிலில், ஏறக்குறைய 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்று, பெங்களூரில் நடந்த போரைக் குறிப்பிடுகிறது. ஊரின் பெயரை முதலில் பொறித்தது கன்னடம். மூன்றரை நூற்றாண்டு கழித்து அதன் ஏரியையும் நிலத்தையும் எழுதிவைத்தது தமிழ். இரு கல்வெட்டுகளுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு.

மடிவாளத்திற்கு வடக்கே தொம்மலூரில் சொக்கப்பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கும் போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் அவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கப்பெறுகிறது. பட்டணம் என்றால் வணிக ஊர். தேசி என்னும் சொல், நாடுகள் பலவற்றுக்கும் சென்று வாணிகம் செய்த நானாதேசிகளை நினைவூட்டுகிறது. இன்று விமானத்தில் வந்திறங்கும் கணினிப் பொறியாளருக்கு முன்னோர் யார் என்று கேட்டால், இவர்களைக் காட்டலாம்.

இன்றைய நகருக்கு வித்திட்டவர் கெம்பெகௌடர். 1537-இல் அவர் மண்கோட்டை கட்டிப் பேட்டைகளை அமைத்தார். அவர் மரபினர் எழுப்பிய காவற்கோபுரங்களுள் ஒன்று லால்பாகின் பாறைமீது நிற்கிறது. லால்பாக் தோட்டத்தை 1760-இல் தொடங்கியவர் ஹைதர் அலி. மலர்க் கண்காட்சியைக் காணச் செல்வோர் அந்தப் பாறைமீதும் சற்றே ஏறி நிற்க வேண்டும். ஒரு காலத்தில் நகரின் எல்லையைக் குறித்த கோபுரம், இன்று நகரின் நடுவே அகப்பட்டு நிற்பதை அங்கிருந்து காணலாம்.

தஞ்சையோடும் இவ்வூருக்குத் தொடர்புண்டு. 1638-இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைக்கொண்டபின், அது சிவாஜியின் தந்தை ஷாஜிக்கு ஜாகீராயிற்று. அவருக்குப்பின் அதை ஆண்ட மகன் ஏகோஜி தஞ்சைக்குச் சென்று அரசு நிறுவினார். தொலைவிலிருந்த பெங்களூரை வைத்துக் காக்க இயலாமல் விற்க முனைந்தார். 1687-இல் முகலாயர் படை அதைப் பிடித்தது. பின்னர் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மைசூர்ச் சிக்கதேவராயர் கைக்கு அது வந்தது.

தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியது 1809-க்குப் பிறகு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலால் நலிந்த ஆங்கிலேயர் படையை, நல்ல தட்பவெப்பம் நாடி, அவ்வாண்டில் இங்கே மாற்றினர். பழைய பேட்டைக்குக் கிழக்கே தண்டு என்னும் படைவீட்டு நகரம் எழுந்தது. சென்னைப் படையோடு ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சிப்பாயும், கொத்தனும், வணிகனும், சமையற்காரனும் வந்தனர். 1834-இல் சென்னைச் சுரங்கப் படைப்பிரிவு அல்சூரில் நிலைகொண்டது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்ததும், மாட்டுவண்டியில் நாட்கணக்கான வழி ஒரு பகற்பொழுதில் அடங்கிற்று. ஆர்க்காட்டு நாராயணசாமி முதலியார், 1868-இல் முடிந்த அட்டாரா கச்சேரியைக் கட்டியவர்; 1873-இல் பள்ளிக்கூடமும் நிறுவினார். அந்தச் செங்கட்டடத்தில்தான் இன்று கருநாடக உயர்நீதிமன்றம் நடைபெறுகிறது.

பேட்டையும் தண்டும் தனித்தனி ஊர்களாகவே நெடுங்காலம் இருந்தன. இடையே கப்பன் பூங்கா வேலி போல் விரிந்தது. 1949-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. சட்டம் சேர்த்ததை மனங்கள் எப்போதும் சேர்த்து வைத்திருக்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பூசலின்போது தமிழர் பலர் உயிரும் உடைமையும் இழந்தனர். பலர் இதே ஓசூர்ச் சாலை வழியே வெளியேறினர். அதே ஆண்டில் அல்சூர் ஏரிக்கருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நான்கு நாட்களுக்குப்பின், கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பெற்றது. இரு சிலைகளையும் ஒருங்கே நினைப்பதுதான் முறை.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கு இந்த வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. பழைய கல்வெட்டு ஓர் ஊரின்மேல் உரிமை கோரும் பத்திரமாகாது. வேப்பூரார் கொடுத்த நிலம் யாரிடமிருந்தும் பறித்ததன்று. கோயிலுக்கென்று தம் கையிலிருந்து ஈந்தது. வந்த ஊருக்கு எதையேனும் கொடுத்தவர் பெயர்தான் அங்கே கல்லில் நிலைத்தது. கட்டிய சுவரும், நடத்திய பள்ளியும், கற்றுக்கொண்ட அயலார் மொழியும் அத்தகைய கொடைகளே.

ஆகவே அடுத்த முறை மைசூர்ச் சாலையில் வண்டியைத் திருப்புமுன், பெங்களூரில் ஒரு பகல் கூடுதலாகத் தங்குவோம். மடிவாளத்துச் சுவரில் உள்ள எழுத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். பிறகு பேகூருக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கன்னட எழுத்தை அவ்வூரார் ஒருவரையே படித்துச் சொல்லும்படி வேண்டுவோம்.