கண்ணாடி நாருக்குள் ஒரு மரம்

முப்பது வருஷப் பழைய மீன்பிடிப் படகை வாங்க வருகிறவர், விஷயம் தெரிந்தவராக இருந்தால், முதலில் எஞ்சினைப் பார்க்க மாட்டார். சின்ன சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகப் படகின் அமரத்துக்குப் போவார். எஞ்சின் தொங்குகிற பின்சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் பேரம் தொடரும். நடுவில் எங்கேயாவது 'பொத்' என்று மந்தமாகக் கேட்டால் விலை பாதியாகும், அல்லது ஆள் கிளம்பிவிடுவார். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மெய்னிலிருந்து ஃப்ளோரிடா வரைக்கும், இந்தச் சத்தத்தை வைத்துத்தான் பழைய படகுகளின் தலையெழுத்து முடிவாகிறது.

அந்தப் பின்சுவருக்குப் பெயர் ட்ரான்ஸம். வெளியே ஃபைபர் கிளாஸ், உள்ளே ஃபைபர் கிளாஸ், நடுவில் ப்ளைவுட். மரத்தை ஒழிக்க வந்த படகுக்குள் மரம் எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் தொடங்கியது 1938இல். உருக்கிய கண்ணாடியை நூலாக இழுத்து நெய்தால் துணி மாதிரி வளையும். அதில் பாலியஸ்டர் ரெசினை ஊற்றிக் காயவைத்தால் கல்லாகிவிடும். ஓஹையோ மாநிலத்தின் டொலீடோவில் இருந்த ரே கிரீன் 1942இல் இப்படி ஒரு சின்னப் பாய்மரப் படகைச் செய்தார். போர் முடிந்ததும் பலரும் இறங்கினார்கள். மரப்படகு என்றால் பல வருஷம் தொழில் கற்ற ஆசாரிகள் வேண்டும். ஃபைபருக்கு ஒரு நல்ல அச்சு போதும், அப்புறம் இட்லித் தட்டு மாதிரி எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

வடிவம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. அதுவரை வேகப்படகுகளின் அடிப்பாகம் பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். அமைதியான ஏரியில் சரி, கடலில் ஒவ்வொரு அலையிலும் முதுகெலும்பு நொறுங்கும். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரே ஹண்ட், அந்த 'வி' வடிவத்தை அணியத்திலிருந்து அமரம் வரைக்கும் தட்டையாக்காமல் சுமார் 24 டிகிரி சரிவில் கொண்டுபோனார். டிக் பெர்ட்ராம் அந்த வடிவில் 30 அடியில் ஒரு மரப்படகு கட்டி, தன் மனைவியின் செல்லப்பெயரான 'மாப்பி'யைச் சூட்டி, 1960இல் மயாமி-நசாவ் பந்தயத்தில் இறக்கினார். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. மாப்பி சுமார் எட்டு மணி நேரத்தில் போய் ஜெயித்தது. அதே உடலிலிருந்து ஃபைபர் அச்சு எடுத்து பெர்ட்ராம் 31 வந்தது. மரத்தில் பிறந்து ஃபைபரில் பரவிய வடிவம் அது. இன்றைக்கு ஆழ்கடலுக்குப் போகிற சின்னப் படகுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அதன் வாரிசுகள்தான்.

இதன் சமூக விளைவு பெரிது. வட கரோலினாவில் வளைகுடா நீரோட்டத்தைத் தொடவே 30, 40 மைல் போகணும். நியூ ஜெர்சியிலிருந்து ஹட்சன் கேன்யன் கிட்டத்தட்ட 80 மைல். அங்கேதான் சூரை மீன் கூட்டம். அந்தத் தூரம் பெரிய படகும் சம்பளத்துக்குக் கேப்டனும் வைத்திருந்த பணக்காரர்களுக்கானதாக இருந்தது. ஆழ் 'வி' அடிப்பாகம், ஃபைபர் உடல், பின்னால் ஒன்றுக்கு இரண்டாக அவுட்போர்டு எஞ்சின், இந்த மூன்றும் சேர்ந்ததும் பிளம்பரும் பள்ளி ஆசிரியரும் சனிக்கிழமை விடியற்காலையில் அங்கே போய் மாலையில் திரும்ப முடிந்தது.

அவர்களுக்கென்று வந்த வடிவம்தான் வாக்கரவுண்ட் கேபின். முன்னால் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை. அதில் 'வி' வடிவப் படுக்கை, ஓரமாக ஒரு கழிப்பறை. அறையின் இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத் தாழ்வான நடைபாதை, பிடித்துக்கொள்ளக் கம்பி. பெரிய மீன் மாட்டிக்கொண்டு படகைச் சுற்றி ஓடினால் தூண்டில்காரரும் கூடவே சுற்றி வரலாம். 1959இல் வட கரோலினாவின் கிரீன்வில்லில் மரப்படகு கட்ட ஆரம்பித்து, எடி ஸ்மித் 1968இல் வாங்கிய பிறகு ஃபைபருக்கு முழுசாக மாறிய கிரேடி-வைட் நிறுவனத்தின் பெயர் இந்த வடிவத்தோடு ஒட்டிக்கொண்டது.

என்னைக் கேட்டால் அது ஒரு குடும்பச் சமாதான உடன்படிக்கை. அப்பாவுக்கு மீன், மற்றவர்களுக்கு நிழலும் கழிப்பறையும். எல்லா உடன்படிக்கையையும் போல இதிலும் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. அறை நிமிர்ந்து உட்காரப் போதாது, பின்தளம் மீன்பிடிக்க அரை மனசாக இருக்கும். ஆனால் ஏப்ரல் மாசக் குளிர்க் காற்றில், நனைந்த உடம்போடு 60 மைல் திரும்பி வந்தவர்களுக்கு அந்தச் சின்ன அறையின் அருமை தெரியும்.

சரி, அந்த ப்ளைவுட். தனி ஃபைபர் தகடு வளையும். எஞ்சின் தள்ளுகிற விசையைத் தாங்க அதற்குக் கனம் வேண்டும், கனமாக இருக்கணும், மலிவாகவும் இருக்கணும் என்றால் அன்றைக்கு இருந்த பதில் ப்ளைவுட். அதைச் சுற்றி ரெசினால் மூடிவிட்டால் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நினைத்தார்கள். பட்டறையை விட்டு வெளியே வரும்போது அது உண்மைதான். அப்புறம் முதல் சொந்தக்காரர் ஏணி மாட்ட நாலு ஓட்டை போடுவார். அடுத்தவர் மீன் காட்டும் கருவிக்கு ரெண்டு. மூன்றாமவர் அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைப்பார். ஒவ்வொரு திருகு வழியாகவும் நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. வெளியே வெள்ளை வெளேரென்று பளபளக்கும், உள்ளே மரம் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி கிடக்கும். பத்து பேர் கைமாறிய கோடில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய வழி உண்டு, வலிக்கும். உள்பக்க ஃபைபரை அறுத்து எடுத்து, அழுகினதை உளியால் சுரண்டி, காயவைத்து, புது மெரைன் ப்ளைவுட்டை எப்பாக்சியில் ஒட்டி, மேலே மறுபடி கண்ணாடித் துணி அடுக்க வேண்டும். தூசி தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். ட்ரான்ஸம் முடிந்தது என்று நிமிரும்போது தளத்துக்குக் கீழே பெட்ரோல் டேங்க் ஞாபகம் வரும். பல படகுகளில் அது நுரையில் புதைத்த அலுமினியம். நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, அலுமினியத்தில் ஊசி ஊசியாகத் துளை விழும். படகின் அடிவயிற்றில் பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருப்பக் கூடாது. தளத்தை அறுக்கணும்.

எஞ்சின் கதை வேறு. 80களில் இந்தப் படகுகள் சுமந்தவை கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். குடித்த பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலேயே தண்ணீரில் துப்புகிறவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1996இல் விதி கொண்டுவந்தது, 1998 முதல் 2006க்குள் படிப்படியாகப் புகையைக் குறைக்கச் சொன்னது. ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களைச் செய்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தது: அமைதி, சிக்கனம், ஆனா கனம். டூ-ஸ்ட்ரோக்கின் எடைக்குக் கணக்குப் போட்ட பழைய உடலில் அதைத் தொங்கவிட்டால் அமரம் தாழும். தளத்தில் விழும் தண்ணீரை வெளியேற்ற வைத்த ஓட்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து, கடலை உள்ளே அழைக்கும். நிறுத்தி வைத்த படகில் கணுக்கால் நனைய நிற்கிறவர்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

2000க்குப் பிறகு ஃபேஷனும் மாறியது. அறையே இல்லாத பெரிய சென்டர் கன்சோல், பின்னால் மூன்று, நான்கு எஞ்சின். புதுசாக 23 அடிப் படகு வாங்கினாலே எஞ்சினோடு ஒரு லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. மறுபடியும் ஆழ்கடல் வசதியானவர்களின் பக்கம் நகர்கிறது. வாக்கரவுண்டின் விலை விழுந்ததால்தான் சுத்தியலோடு வருகிறவர் வருகிறார். அவருக்குக் கடலுக்குப் போக இருக்கிற ஒரே கதவு அது.

நம் பக்கமும் ஒரு கிளை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கோரமண்டல் கரையில் கட்டுமரங்களை வேகமாக ஓரங்கட்டின. கட்டுமரம் உடைந்தால் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துவிடலாம், கடைசியில் அடுப்புக்காவது ஆகும். உடைந்த ஃபைபர் எதற்கும் ஆகாது. அதே பிரச்சினைதான் அங்கேயும். ஒருமுறை இறுகிய ரெசினைத் திரும்ப உருக்க முடியாது. ரோட் ஐலண்டில் பழைய உடல்களை நொறுக்கி சிமெண்ட் சூளைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இன்னும் குப்பைமேட்டுக்குத்தான் போகின்றன. அதற்கும் காசு கட்ட மனசில்லாதவர்கள் இரவோடு இரவாகப் பதிவு எண்ணைச் சுரண்டிவிட்டு ஏதாவது கழிமுகத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அப்படிக் கிடக்கிற உடல் ஒன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ட்ரான்ஸத்தில் பழைய திருகு ஓட்டைகள் தெரியும். அடியில் பழுப்பு நிறத்தில் நீர் கசிந்த தடம் இருக்கும். உடலில் மட்டும் விரிசல் கூட இருக்காது.