புதுத்துணி எடுக்கப் போறீங்களா? முதல்ல பழைய துணியைப் பாருங்க.. கடையிலேயே தரம் கண்டுபிடிப்பது எப்படி?

அக்காவின் சுடிதார் தங்கைக்கு, பெரியப்பா மகன் பேன்ட் தம்பிக்கு, மிச்சத்துக்கு நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கும் செகண்ட் ஹேண்ட் சட்டை. வருஷம் முழுக்க இப்படி ஓட்டிவிட்டு, தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் புதுசு எடுப்பதுதான் நிறைய வீடுகளின் கணக்கு. அப்படி ஒருநாள் திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் போய் ₹1,200 கொடுத்து எடுத்த சட்டை, நாலாவது துவைப்பிலேயே காலர் கொப்பளித்து நிற்கிறது. பழைய துணியில் ஏமாறாதவர்கள் புதுத்துணியில் ஏமாறுவது ஏன்?

காரணம் ரொம்ப எளிது. செகண்ட் ஹேண்ட் துணி ஏற்கெனவே பரீட்சை எழுதி முடித்த துணி. சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயம் போயிருக்கும், விட வேண்டிய தையல் விட்டிருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும். புதுத்துணி அப்படி இல்லை. கஞ்சி, இஸ்திரி, குண்டூசி, காலருக்குள் பிளாஸ்டிக், முதுகில் அட்டை என எல்லாம் சேர்ந்து அதை நல்லவனாகக் காட்டுகின்றன. துவைத்த பிறகு என்ன ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே ஊகிக்க வேண்டும்.

இதில் பழைய துணி போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. துணி எங்கே சாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எங்கே கிழிந்ததோ அங்கே பாருங்க

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் கந்தலாகிப்போன நாலு துணியை எடுத்துப் பாருங்கள். சட்டையில் காலர் மடிப்பும் அக்குளும், பேன்ட்டில் தொடைச் சந்தும் ஜிப்பும், சுடிதாரில் பக்கவாட்டுக் கட் முடியும் முனை, டி-ஷர்ட்டில் கழுத்து. பெரும்பாலும் இந்த இடங்கள்தான். புதுத்துணியிலும் முதலில் கை போக வேண்டியது இங்கேதான். கடைக்காரர் காட்டும் முன்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டையை அட்டையோடு வாங்காதீர்கள். "பிரிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரித்ததும் உள்பக்கத்தைத் திருப்புங்கள். அக்குளிலும் பக்கவாட்டிலும் துணி முனை வெளியே தெரியாமல் மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தால் அது உழைக்கும். வெறும் ஓவர்லாக் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் ஓவர்லாக் நூல் இப்போதே பிசிறு பிசிறாகத் தொங்கினால் யோசியுங்கள்.

அடுத்தது தையலின் நெருக்கம். உங்கள் கட்டைவிரலின் மேல் கணு ஏறக்குறைய ஒரு அங்குலம். அந்த நீளத்தில் சட்டைக்கு 10 முதல் 12 தையல் இருந்தால் நல்ல வேலை. ஆறோ ஏழோதான் என்றால் மெஷினை வேகமாக ஓட்டி நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். (ஜீன்ஸுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அதில் நூல் தடிமன், 7, 8 தையலே சரி.) பிறகு தையலின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். நடுவில் நூல் பல்லைக் காட்டினால், கொஞ்சம் இறுக்கமாக உட்கார்ந்ததும் அந்த இடம் விட்டுவிடும்.

காலரை இரண்டாக மடித்து முனையோடு முனை வைத்துப் பாருங்கள். ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் கழுத்தில் எப்போதும் கோணலாகவே நிற்கும். காலருக்குள் கேன்வாஸைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை சரியாகப் பிடிக்காததுதான் பின்னால் கொப்பளமாக வருகிறது. விரலால் அழுத்தித் தேய்க்கும்போது மேல்துணி தனியாக நகர்ந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கட்டம் போட்ட சட்டை என்றால் வேலை இன்னும் சுலபம். பாக்கெட்டில் இருக்கும் கட்டமும் அதன் பின்னால் இருக்கும் கட்டமும் ஒன்றோடொன்று சேர்கிறதா? பட்டன் பட்டியில் இரண்டு பக்கமும் கோடு சேர்கிறதா? கட்டத்தைச் சேர்க்க துணி கொஞ்சம் வீணாகும். அந்தத் துணியை மிச்சம் பிடிக்காத கம்பெனி, மற்ற இடத்திலும் பெரும்பாலும் மிச்சம் பிடித்திருக்காது. என்னைக் கேட்டால் பிராண்ட் பெயரை விட இந்த ஒரு அடையாளத்தைத்தான் நம்பலாம்.

காஜாவில் நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, உள்ளே உபரி பட்டன் தைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரு நிமிஷ வேலை. ஜிப்பை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். டி-ஷர்ட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் பக்கவாட்டுத் தையல் நேராகத் தொங்க வேண்டும். இப்போதே முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வந்தால் துவைத்த பின் இன்னும் முறுக்கும். குழந்தைகள் துணி என்றால் உள்ளே பிடித்துத் தைத்த துணி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு அங்குலம் இருந்தால் அடுத்த வருஷமும் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

துணி நல்ல துணியா?

தையல் நன்றாக இருந்து துணி மோசமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. துணியைத் துணியோடு வைத்துக் கசக்கித் தேயுங்கள். கையில் வெள்ளையாக மாவு உதிர்ந்தால் கஞ்சி அதிகம். முதல் துவைப்பில் கஞ்சி போனதும் துணி சல்லடை மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா, திட்டுத் திட்டாக இடைவெளி இருக்கிறதா என்பது தெரியும். இதைக் கடை விளக்கில் செய்யாதீர்கள், வாசலுக்கு வாருங்கள். நிறத்தைப் பார்க்கவும் பகல் வெளிச்சம்தான் சரி. அடர் சிவப்பு, கருநீலம் என்றால் ஈரக் கைக்குட்டையால் உள்மடிப்பில் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மற்ற துணியோடு சேர்த்து ஊறப்போட முடியாது.

'காட்டன் ஃபீல்', 'காட்டன் ரிச்' என்று எழுதியிருந்தால் அது முழுப் பருத்தி இல்லை. லேபிளில் சதவீதம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். லேபிள் இல்லையா? ஒரு மூலையைக் கைக்குள் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். பருத்தி நன்றாகக் கசங்கும். உடனே பழையபடி நிமிர்ந்தால் பாலியஸ்டர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் தையலோரத்து நூல் ஒன்றை மட்டும் எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், கரி விரலில் நசுங்கிப் பொடியாகும்.

கலப்புத் துணி எல்லாமே கெட்டது என்று நினைக்க வேண்டாம். தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கலப்புச் சட்டை கசங்காமல் நாள்பட உழைக்கும். வெயில் காலத்தில் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கப் போட்டால்தான் அது தண்டனை.

நடைபாதைகளில் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்று கிடைக்கும் பனியன் துணிகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக்குப் போகாமல் ஏன் நின்றது என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள். பிரிண்ட் நகர்ந்திருந்தால், அளவு மாறியிருந்தால் தாராளமாக வாங்கலாம். துணியில் ஓட்டையோ தையலில் விடுபட்ட இடமோ இருந்தால் வேண்டாம். எக்ஸ்போர்ட் என்று சொல்வதெல்லாம் எக்ஸ்போர்ட் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பட்டுப்புடவை என்றால்?

சட்டையில் போனால் ஆயிரம், பட்டில் போனால் பல ஆயிரம். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், இதே மாவட்டத்தில்தான் ஆரணி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்றது ஆரணிப் பட்டு. காஞ்சிபுரம் பட்டை விடப் பொதுவாக எடை குறைவு, விலையும் குறைவு. கல்யாணத்துக்கு முதல்முறையாகப் பட்டு எடுப்பவர்கள் இந்தப் பக்கம் தேடி வர அதுதான் காரணம்.

இங்கே பலரும் குழம்பும் இடம் லேபிள். 'சில்க் மார்க்' என்பது மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்தது. ஹாலோகிராமும் எண்ணும் கொண்ட அந்த அட்டை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது சுத்தமான பட்டு. கையால் நெய்ததா, ஜரிகை அசலா என்பதை அது சொல்லாது. 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' கைத்தறி என்று சொல்லும், பட்டின் சுத்தத்தைச் சொல்லாது. சுத்தப் பட்டு, கைத்தறி இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு அட்டையையும் கேளுங்கள். கரையோரம் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சிலர் சொல்வதை முழுசாக நம்பாதீர்கள், விசைத்தறியிலும் அந்தத் துளை விழும். சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985-லிருந்து இருக்கிறது என்பதால், 'கைத்தறி' என்று பில்லில் எழுதிக் கேட்பது உங்கள் உரிமை.

'ஆர்ட் சில்க்' என்பது கலை கிடையாது, செயற்கை. 'செமி சில்க்' கலப்பு. 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் சுத்தப் பட்டும் வருகிறது, பாலியஸ்டரும் வருகிறது. பெயரை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

ஜரிகைக்கு வருவோம். தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று குரல் கொடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தேடுவது புடவையை இல்லை, ஜரிகையில் இருக்கும் வெள்ளியை. அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் போட்டிருப்பார்கள். ஓர் இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். 'ஹாஃப் ஃபைன்' போன்ற மலிவு ஜரிகை பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் பின்னால் விற்றால் ஜரிகைக்கென்று காசு பெயராது. மலிவு ஜரிகையை வாங்குவதில் தப்பில்லை. அசல் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு. எந்த ஜரிகை என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

தனியார் கடையில் இவ்வளவு கேட்கத் தயக்கமாக இருந்தால் 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கூட்டுறவு நெசவாளர்களின் துணி, பண்டிகை நேரத்தில் தள்ளுபடியும் உண்டு.

மஞ்சள் தடவும் முன்..

புதுத்துணி வீட்டுக்கு வந்ததும் மூலையில் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். அதற்கு முன் பகல் வெளிச்சத்தில் முழுசாக ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள். மஞ்சள் பட்ட துணியை மாற்றித் தரச் சொன்னால் எந்தக் கடையிலும் தகராறுதான்.

குறை இருந்தால்? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. கலர் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. தையல் விட்டது, சுத்தப் பட்டு என்று விற்றது பாலியஸ்டராக இருந்தது, இதெல்லாம் குறை.

இதற்கெல்லாம் பில் வேண்டும். துண்டுச் சீட்டு போதாது, கடை பெயர், தேதி, துணியின் விவரம் இருக்க வேண்டும். எம்ஆர்பி-யில் வரி அடங்கிவிட்டது, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ₹2,500 வரை ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினால் 18%. கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.