பொதியைக் காக்கிற ஆக்கள்

2004 டிசம்பர் 26இல் கடல் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் நிலாவெளிக்கும் உள்ளே வந்தபோது எங்களில் சிலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு அந்த நாள் வீட்டுப் பேச்சு வழியாகத்தான் தெரியும். யார் எந்த முகாமில இருந்தது, யாரை யார் தேடித் திரிஞ்சது என்ற பேச்சு.

அந்தத் தேடலுக்காக இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய மென்பொருள்தான் 'சஹானா'. காணாமற்போனவர்கள், முகாம்கள், நிவாரணத் தேவைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிய அது உதவியது. பிறகு 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெய்ட்டிக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதும் கிடைத்தது.

இதைப் பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் சஹானாவுக்கு அடியில் இருந்ததைப் பற்றிப் பேசுறதில்லை. அது பிஎச்பியில் எழுதப்பட்டது. மைஎஸ்கியூஎல், அப்பாச்சி போன்ற மென்பொருள்களின் மேல் ஓடியது. லினக்ஸ் கணினிகளுக்கு இவையெல்லாம் 'பொதி'களாகத்தான் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு பொதிக்கும் பின்னால் ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். பெரும்பாலும் சம்பளம் இல்லை.

மூல ஆசிரியர் எழுதியதை வாங்கிச் சோதித்து, தன் இயங்குதளத்துக்குப் பொருந்தச் செய்வது அவர் வேலை. பயனர் சொல்லும் பிழையைக் கேட்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் உடனே அடைக்க வேண்டும். தான் செய்த திருத்தத்தை மூல ஆசிரியருக்கும் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசிக் கடமை தவறினால் என்ன நடக்கும்? 2006இல் டெபியன் இயங்குதளத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைப் பார்த்தவர், ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததால் சில வரிகளை நீக்கினார். மூலத் திட்டத்தின் ஆக்களிடம் கேட்டும் பார்த்தார், யாரும் தடுக்கவில்லை. ஆனால் முழுத் திருத்தத்தையும் அவர்கள் ஒழுங்காகப் பரிசீலிக்கவில்லை. விளைவாக, எண்ணிலடங்காத விதமாக அமைய வேண்டிய இரகசியத் திறவுகோல்கள் ஏறத்தாழ 32,000க்குள் சுருங்கின. 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. இரண்டு பக்கமும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துவிட்டது.

எக்ஸ்இசட் கதை வேறு. உலகமெங்கும் பயன்படும் அந்தச் சிறிய மென்பொருளைப் பல வருடங்களாக லாஸ்ஸே கொலின் கிட்டத்தட்டத் தனியாகவே பார்த்தார். மனதுக்கு முடியாமல் இருந்த காலத்தில், ஏன் தாமதம் என்று சிலர் நெருக்கினார்கள். உதவ வந்த 'ஜியா டான்' என்ற பெயருக்குப் பொறுப்பு கைமாறியது. 2024இல் அந்தப் பெயர்தான் உள்ளே கள்ளவழி வைத்தது. உள்நுழைவு அரை விநாடி பிந்துதே என்று தோண்டிப் பார்த்த அன்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட், மார்ச் 29இல் அதை அம்பலப்படுத்தினார்.

ஆகவே பராமரிப்பாளரின் கடமைகளை மட்டும் அடுக்கினால் போதாது. டெபியனில் ஒருவர் இனி முடியாது என்றால் தன் பொதியை 'அநாதை' என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். இன்னொருவர் அதைத் தத்தெடுக்கலாம். அப்படிச் சொல்வதும் பொறுப்புத்தான். சொல்லும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும்.

நாங்கள் கலைப்பீடம். நிரல் எழுத வராது. ஆனால் எங்கட போனில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், எந்த எழுத்து, எந்தப் பதிப்பு என்று தெளிவாக எழுதி அனுப்ப வரும். முடிந்தவர் மொழிபெயர்க்கலாம். குறைந்தது, ஏன் இன்னும் சரியாக்கவில்லை என்று திட்டாமல் இருக்கலாம்.