எடுக்கலாமா? ஒரு ஜப்பானியக் கேள்வியும் ஆதிச்சநல்லூர் தாழியும்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளும் நாலைந்து வாக்கியங்களில் இது கட்டாயம் இருக்கும்: "ஷஷின் ஓ தொத்தெ மோ ஈ தெஸ் கா?" படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அர்த்தம்.

இதைப் பிரித்துப் பாருங்கள். ஷஷின் என்றால் படம். 'ஓ' நம்முடைய இரண்டாம் வேற்றுமை 'ஐ'. தொத்தெ, 'எடுத்து'. மோ, 'உம்'. ஈ, 'நல்லது'. தெஸ் மரியாதைக்குச் சேர்ப்பது. கடைசியில் வரும் 'கா' நம்முடைய கேள்வி 'ஆ'. சொற்களை இடம் மாற்றாமல் அப்படியே அடுக்கினால் "படத்தை எடுத்தும் நல்லதா?" என்று வரும். பேச்சில் சொன்னால், "படம் எடுத்தாலும் பரவால்லையா?" இங்கிலீஷில் இதே கேள்வியைத் தலைகீழாகக் கட்ட வேண்டும், ஜப்பானியத்தில் வேண்டியதில்லை. 'மோ'வும் 'உம்'மும் இன்னும் நெருக்கம். 'நானும்' என்பதற்கு அவர்கள் 'வதாஷி மோ' என்பார்கள். 'யாரும் இல்லை' என்பதில் வரும் 'யாரும்' அங்கே 'தரெ மோ'.

இந்த ஒற்றுமை வெறும் வேடிக்கையோடு நின்றுவிடவில்லை. தோக்கியோவில் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சுசுமு ஓனோ (1919–2008) 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பெரிய கொள்கையாகவே வளர்த்தார். யாழ்ப்பாணத்து அறிஞர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு உழைத்தார்கள். சொற்களையும் இலக்கண உருபுகளையும் ஒப்பிட்டதோடு ஓனோ நிற்கவில்லை. நம்ம பொங்கலையும், ஜனவரி 15-ஆம் தேதி சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சும் அவர்களுடைய 'கோஷோகத்சு'வையும் பக்கத்தில் வைத்தார். நெல், உலோகம், தாழியில் புதைக்கும் வழக்கம் எல்லாம் தமிழர் பக்கமிருந்து யாயோய் காலத்து ஜப்பானுக்குப் போயின என்றார்.

தாழி என்றதும் நமக்கு ஆதிச்சநல்லூர்தான் ஞாபகம் வரும். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில், ஆற்றின் தென்கரையில், நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் பரம்பு. ஜப்பானின் கியூஷூ தீவிலும், யோஷினோகாரி மாதிரியான இடங்களில், இரண்டு தாழியை வாயோடு வாய் பொருத்தி உள்ளே ஆளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலத்தைப் பாருங்கள். ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு 2019-இல் வெளியான கணிப்பு கி.மு. 905, கி.மு. 696. கியூஷூத் தாழிகள் பெருகியது அதற்குப் பல நூற்றாண்டு கழித்து. இறந்தவரைப் பானையில் வைக்கும் பழக்கம் உலகில் வேறு பல இடங்களிலும் உண்டு. வினை கடைசியில் வருவதும், உருபு பின்னால் ஒட்டுவதும் துருக்கியிலும் கொரிய மொழியிலும் உண்டு. ஒலி மாற்றங்கள் ஒழுங்காகப் பொருந்தவில்லை என்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. ஜாடை ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொந்தக்காரன் என்று சொல்லிவிட முடியாது.

உறவை விட்டுவிடுவோம். அந்த வாக்கியத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 'தொத்தெ'. அதன் மூலம் 'தொரு'. காதுக்கு ஒரே சொல், எழுத்தில் பல. படம் எடுப்பதற்கு ஒரு எழுத்து, பொருளைக் கையில் எடுப்பதற்கு ஒன்று, செடி கொடியிலிருந்து பறிப்பதற்கு ஒன்று, திருடி எடுப்பதற்குக்கூட ஒன்று. தமிழில் எழுத்தும் ஒன்றுதான். படமும் எடுக்கிறோம், பாத்திரமும் எடுக்கிறோம், அடுத்தவன் பையிலிருந்தும் 'எடுத்துட்டான்' என்கிறோம். எந்த 'எடு' என்று தீர்மானிப்பது கேட்டோமா இல்லையா என்பதுதான்.

ஆதிச்சநல்லூரின் கதையே இந்த 'எடு'வின் கதை. 1876-இல் பெர்லினிலிருந்து ஃபெடோர் யாகோர் வந்தார். கூடவே ஜில்லா கலெக்டரும் என்ஜினியரும். தோண்டினார்கள். ஐம்பது வகைக்கு மேற்பட்ட மண்பாண்டம், இரும்பு ஆயுதங்கள், மண்டையோடுகள் கிடைத்தன. பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மண்ணில் கிடைக்கும் புதையல் பற்றிய இந்தியச் சட்டம் வந்ததே 1878-இல்தான். அன்றைக்கு அனுமதி என்றால் கலெக்டர் கூட நிற்பது, அவ்வளவுதான்.

பிறகு அலெக்சாண்டர் ரீ 1899-இல் தொடங்கிச் சில பருவங்கள் தோண்டினார். பொன் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, படங்களோடு 1915-இல் அட்டவணையாக அச்சிட்டார். பொருள் சென்னைக்குப் போய்விட்டாலும் என்ன எடுத்தார் என்பதை நாம் படிக்க முடிகிறது. சுதந்திரத்துக்குப் பின் 2004–05-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டி நூற்றைம்பதுக்கு மேல் தாழிகளை வெளியே கொண்டுவந்தது. அந்த அகழாய்வின் முழு அறிக்கை வர 15 வருடம் போல ஆனது. நடுவில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்தது. எடுத்தவர்கள் என்ன எடுத்தோம் என்று சொல்லவே இவ்வளவு காலம்.

இப்போது நம் மொழி எப்படிக் கேட்கிறது என்று பார்க்கலாம். "எடுக்கலாமா" என்பதில் இருப்பது 'எடுக்கல் ஆமா', அதாவது எடுப்பது ஆகுமா, தகுமா. "எடுக்கட்டுமா" என்பதில் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 'ஒட்டு' என்றால் பழந்தமிழில் சம்மதித்தல். 'எடுக்க ஒட்டுமா' என்பதே தேய்ந்து 'எடுக்கட்டுமா' ஆனது என்று விளக்குவார்கள். நம்ம ஊரில் "ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா ஆச்சி?" என்று கேட்கிற பையன், தனக்கே தெரியாமல் அந்தப் பழைய சம்மதத்தைத்தான் கேட்கிறான்.

மறுப்பதிலும் இரண்டு ஊரும் ஒரே மாதிரி. ஜப்பானியர் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "சோத்தோ..." என்று இழுப்பார்கள். 'கொஞ்சம்...' என்று அர்த்தம், மீதியை நாமே புரிந்துகொள்ள வேண்டும். இங்கே "பொறவு பாத்துக்கிடலாம்" என்பார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதுதான். சம்மதமில்லாமல் தன் முகத்தைப் படமெடுக்க விடாதிருப்பது ஒருவருடைய சுதந்திரம் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1969-லேயே சொல்லிவிட்டது. நம் பக்கம், திருச்செந்தூர் கோயில் வழக்கில் 2022 டிசம்பரில் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொன்னது. கேட்காமலே எடுக்கிற கூட்டம் பெருகினால், கடைசியில் கேட்டு எடுக்கிறவனுக்கும் கதவு மூடும்.

ஆதிச்சநல்லூரில் 2023-இல் தோண்டிய குழியிலேயே தாழிகளை விட்டுவைத்து, மேலே கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். இப்போது பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வருகிறவர்கள் படத்தை மட்டும் எடுத்துப் போகலாம். தாழிக்குள் இருப்பவர் 'ஆம்' என்றோ 'சோத்தோ' என்றோ சொல்லப் போவதில்லை. அதனால் அவர் சார்பில் காவல்காரரிடமும் ஊர்க்காரரிடமும் கேளுங்கள். எடுத்த படத்தில் ஊர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். ரீ அதையாவது செய்தார்.