மொறீசியசுத் தீவும் அதனை ஆக்கியோரும்

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில், மடகாசுக்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தொலைவில் மொறீசியசுத் தீவு அமைந்துள்ளது. அதன் பரப்பு 1,865 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு எனலாம். ஓய்வுநாட் கழிக்க அங்குச் செல்வோர் வெண்மணற் கரையையும் பவளப் பாரினுள் அலையடங்கிக் கிடக்கும் நீலநீரையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். வரலாற்றை நாடுவோரோ கரையை விட்டு உள்ளே சென்று, கரும்புத் தோட்டங்களின் நடுவே மலைபோற் குவிந்துள்ள கருங்கற்களை நோக்குதல் வேண்டும்.

எரிமலைக் குழம்பு உறைந்து தோன்றிய நிலம் அது. நடுவண் மேட்டுநிலமும் அதனைச் சூழக் கூரிய மலைகளும் உள. மிகவுயர்ந்த சிகரம் 828 மீற்றர். தென்கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வருதலால் மேட்டுநிலத்துக் கியூர்ப்பீப் நகர் மழையில் நனைய, மேல்கரை வறண்டு கிடக்கும். இடையிடையே சூறாவளியும் தாக்கும். 1892ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்துச் சூறாவளியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தீவிற்குப் பழங்குடிகள் இலர். அராபியரும் போர்த்துக்கேயரும் அறிந்திருந்தும் குடியேறவில்லை. 1598 இல் வந்த ஒல்லாந்தர் தம் இளவரசன் மொரிசின் பெயரை இதற்கு இட்டனர். 1638 இல் குடியேறிக் கருங்காலியை வெட்டினர். யாவாவிலிருந்து கரும்பைக் கொணர்ந்தனர். பறக்கவியலாத டோடோப் பறவை அவர் காலத்திலேயே அழிந்தது. 1710 இல் அவர் தீவைக் கைவிட்டனர்.

1715 இல் இதனைக் கைக்கொண்ட பிரான்சியர் ‘பிரான்சுத் தீவு’ எனப் பெயர் மாற்றினர். 1735 இல் ஆள்பதியாக வந்த லா போர்தொனே என்பவரே போட் லூயித் துறைமுகத்தை நகராக்கியவர். கல்தச்சரும் கைவினைஞரும் புதுச்சேரியிலிருந்து வருவிக்கப்பட்டனர். மொசாம்பிக்கு, மடகாசுக்கர் ஆகிய இடங்களிலிருந்து அடிமைகள் கொணரப்பட்டனர். எனவே கரும்புக்கூலிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தமிழர் அங்கு இருந்தனர் என்பது ஐயத்திற்கிடமற்றது. பிரான்சியர் அவர்களை ‘மலபார்’ என அழைத்தனர். இலங்கைத் தமிழரை ஒல்லாந்தர் அழைத்த பெயரும் அதுவே. 1746 இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த கப்பற்படையும் இத்தீவிலிருந்து லா போர்தொனே நடத்திச் சென்றதேயாம்.

1810 இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். பழைய பெயர் மீண்டது. பிரான்சியரின் சட்டமும் வழக்கமும் நிலைத்தன. 1825 இல் மொறீசியசுச் சீனிக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சீனிக்கும் பிரித்தானியாவில் ஒரே தீர்வை விதிக்கப்படவே, கரும்பு நிலமெங்கும் பரவியது. 1835 இல் அடிமைமுறை ஒழிந்தபோது அடிமைகளை உடையோர்க்கு இழப்பீடு கிடைத்தது. அடிமைகளுக்கு யாதும் கிடைத்திலது. அவரிடத்தை நிரப்ப 1834 முதலே கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். சில பத்தாண்டுகளில் நாலரை இலட்சத்தை அண்மிய மக்கள் இவ்வாறு வந்திறங்கினர். போட் லூயியில் அவர் ஏறிய பதினாறு கற்படிகள் இன்றும் உள. அவ்விடம் 2006 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

படியேறியோர்க்குக் காத்திருந்தது கல் நிறைந்த நிலம். உழுவதற்குத் தடையான கற்களைக் கையாற் பெயர்த்துக் குவித்தனர். அக்குவியல்களே முன்னர்க் கூறியவை. ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் விடுதலை எளிதன்று. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் படம் ஒட்டிய சீட்டின்றி வழிச்செல்பவன் சிறைப்படலாம். அதேயாண்டு மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய நாற்பதினாயிரவர் இறந்தனர். வசதியுடையோர் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். கியூர்ப்பீப் வளர்ந்தது இதனாலேயே. கூலிகளின் முறைப்பாடு 1871 இல் மனுவாக எழுந்தது. மறுவருடம் அரச ஆணைக்குழு வந்து விசாரித்தது.

1968 மார்ச்சு 12 ஆந் திகதி நாடு விடுதலை பெற்றது. 1992 இல் குடியரசாயிற்று. சீனியின் இடத்தை உல்லாசப் பயணமும் ஆடைத்தொழிலும் பெருமளவு பற்றிக்கொண்டன. ஆயினும் கடலும் காவலற்றதே. 2020 யூலையில் ‘வாகாசியோ’ என்னும் கப்பல் பவளப் பாரில் மோத, ஏறத்தாழ ஆயிரம் தொன் எண்ணெய் கடலிற் கலந்தது. மக்கள் கரும்புச் சருகைத் துணிகளில் அடைத்து மிதவைகளாக்கி அதனைத் தடுக்க முயன்றனர்.

தமிழர் பலரின் வீட்டுமொழி இன்று கிரியோலே. தைப்பூசம் பொது விடுமுறை. காவடியெடுப்போர் தொகையும் பெரிது. 1998 இல் வெளியான பணத்தாள்களில், நெடுங்காலமாக ஆங்கிலத்தை அடுத்து நின்ற தமிழெழுத்து இந்திக்குப் பின் தள்ளப்பட்டது. முன்வந்தோர் தாமே என்னும் வரலாற்றைக் காட்டித் தமிழர் எதிர்த்தனர், தாள்கள் மீளப்பெறப்பட்டன. அதன்பின் அச்சான தாள்களில் ஆங்கிலத்தை அடுத்து நிற்பது தமிழே.